நாயோடு கடலுக்குப் போகிறவர்கள் முதலில் எடுத்துவைக்க வேண்டியது குடிதண்ணீர்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தங்கள் விடுமுறைச் சிறப்பிதழில் கடற்கரைப் பயணம் பற்றி வந்த கட்டுரையின் கடைசிப் பத்தி, வீட்டு நாயையும் கூட்டிச் செல்லுங்கள், அலையில் ஓடவிட்டால் அதற்கு அதுவே போதும் என்று முடிந்திருந்தது. கூட்டிச் செல்வது நல்ல யோசனைதான். யாரோ ஒருவர் பொறுப்பில் கட்டிப்போட்டுவிட்டுப் போவதைவிட அது எவ்வளவோ மேல். ஆனால் "அதுவே போதும்" என்று நம்பிப் போகும்போதுதான் கோளாறு ஆரம்பிக்கிறது. நாய்க்குத் தானாக நிறுத்தத் தெரியாது. நாம் பந்து எறிந்துகொண்டே இருந்தால் அது ஓடிக்கொண்டே இருக்கும். தாகம் எடுத்தால் எதிரே இருக்கிற தண்ணீரைக் குடிக்கும். எதிரே இருப்பது கடல். பிள்ளைகளோடும் நாயோடும் கிளம்பப்போகிற குடும்பங்கள் அந்தப் பத்தியைப் படித்திருப்பார்கள் என்பதால், அதில் விடுபட்டதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

உப்பில் தொடங்குகிறேன். ஒரு லிட்டர் கடல்நீரில் ஏறக்குறைய 35 கிராம் உப்பு இருக்கிறது. நாயின் உடல் எடையில் கிலோவுக்கு 2 முதல் 3 கிராம் உப்பு உள்ளே போனாலே நச்சின் அறிகுறிகள் தெரியத் தொடங்கும். கிலோவுக்கு 4 கிராம் என்பது உயிரைப் பறிக்கக்கூடிய அளவு. 10 கிலோ எடையுள்ள நாய்க்குக் கணக்குப் போட்டால், அரை லிட்டரைக் கொஞ்சம் தாண்டியதுமே ஆபத்து தொடங்கிவிடுகிறது. எந்த நாய் அரை லிட்டர் உப்புத் தண்ணீரைக் குடிக்கப்போகிறது என்று தோன்றும். நக்கிக் குடிப்பது மட்டும் கணக்கில்லை. அலைக்குள் பந்தைக் கவ்வும்போது வாய் திறந்தே இருக்கிறது. ஒவ்வொரு கவ்வலுக்கும் ஒரு மிடறு உள்ளே போகும். நனைந்த பந்தைக் கடித்துக்கொண்டே திரும்பி வரும்போது அதிலிருந்து பிழியும் நீரும் தொண்டைக்குத்தான் போகிறது. ஒரு மணி நேர விளையாட்டில் அரை லிட்டர் சேர்வது பெரிய விஷயமல்ல. குட்டை நாய்களுக்கு இன்னும் சீக்கிரம் சேரும், ஏனென்றால் அவற்றின் வாய் நீர்மட்டத்திலேயே இருக்கிறது.

கொஞ்சம் போனால் பேதியாகும். குடலில் சேர்ந்த உப்பு உடம்பின் நீரைத் தன் பக்கம் இழுத்துக்கொள்வதால் சாயங்காலமே தண்ணீராகப் போக ஆரம்பிக்கும். கடற்கரைக்குப் போய்வந்த நாய்களுக்கு வரும் வயிற்றுப்போக்கில் பெரும்பங்கு இதுதான். பலர் சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்துக்கொள்கிறார்கள். நிறையப் போனால் இரத்தத்தில் சோடியம் ஏறி, மூளையின் செல்களிலிருந்து நீர் வெளியேறும். அப்போது வாந்தி, தள்ளாட்டம், கூப்பிட்டால் திரும்பாமை, தசைநடுக்கம், வலிப்பு என்று சில மணி நேரத்தில் வரிசையாக வரும். இந்த நிலையில் நல்லதென்று எண்ணி வாயைத் திறந்து தண்ணீரை ஊற்றுவதுதான் பெரிய தவறு. ஏறிய சோடியம் மளமளவென்று இறங்கினால் மூளை வீங்கிவிடும். அதை எவ்வளவு மெதுவாக இறக்குவது என்பதை இரத்தப் பரிசோதனை பார்த்து மருத்துவர் முடிவு செய்ய வேண்டும். வாந்தியோ லேசான பேதியோ மட்டும் இருந்து, நாய் தெளிவாக நடந்தால், நல்ல தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக, பத்து நிமிடத்துக்கு ஒருமுறை நாலைந்து நக்கல் அளவு கொடுத்துக் கவனிக்கலாம். தள்ளாட்டமோ நடுக்கமோ கண்ணில் பட்டால் நேரே மருத்துவமனைதான்.

தடுப்பது மிகச் சுலபம். நாய்க்குச் சாதாரண நாளில் கிலோவுக்கு 50 முதல் 60 மில்லி தண்ணீர் வேண்டும்; வெயிலில் ஓடும் நாளில் அதைப்போல இரண்டு மடங்கு. ஆக 10 கிலோ நாயோடு அரை நாள் கடற்கரையில் இருக்கப்போகிறீர்கள் என்றால், குடிக்க மட்டும் ஒன்றரை லிட்டர் எடுத்துச் செல்லுங்கள். மேலுக்கு ஊற்றிக் கழுவ ஐந்து லிட்டர் கேன் ஒன்று தனியாக. மணலில் இறங்குவதற்கு முன்பே வயிறாரக் குடிக்க வையுங்கள். தாகமில்லாத நாய் கடல்நீரை ஒருமுறை மோந்து பார்த்துவிட்டு விட்டுவிடும். பிறகு 15 நிமிடத்துக்கு ஒருமுறை விளையாட்டை நிறுத்தி, நிழலுக்குக் கூட்டிவந்து, கிண்ணத்தைக் காட்டுங்கள். கிண்ணத்தை மணலில் வைக்காமல் ஒரு துண்டின் மேல் வையுங்கள். இல்லாவிட்டால் நாலு நக்கலுக்குள் பாதி மணல் அதற்குள் வந்துவிடும், நாய் அதையும் சேர்த்துக் குடிக்கும். ஓடிவந்த வேகத்தில் ஒரேயடியாக ஒரு லிட்டரை உறிஞ்சவும் விடக்கூடாது. இரண்டு நிமிடம் மூச்சு அடங்கட்டும், பிறகு பாதிக் கிண்ணம், பிறகு மீதி.

அடுத்தது வெயில். இதில் கடற்காற்று நம்மை ஏமாற்றுகிறது. மனிதனுக்கு உடம்பெல்லாம் வியர்க்கும், காற்று பட்டதும் குளிர்ந்துவிடும். அதனால் கடற்கரையில் நமக்கு வெயில் அவ்வளவாக உறைப்பதில்லை. நாய்க்கு வியர்வை பாதத்தின் மெத்தையில் மட்டும்தான், அதுவும் சொற்பம். அது சூட்டை வெளியேற்றுவது பெரும்பாலும் இரைப்பின் மூலம்: நாக்கிலும் மூச்சுப்பாதையிலும் உள்ள ஈரம் ஆவியாகும்போது உடம்பு குளிர்கிறது. கடலோரக் காற்றில் ஏற்கெனவே ஈரப்பதம் அதிகம், ஆகவே அந்த ஆவியாதல் மந்தமாகிவிடுகிறது. நாம் "நல்ல காற்று" என்று உட்கார்ந்திருக்கும் அதே இடத்தில் நம் நாய் உள்ளுக்குள் வெந்துகொண்டிருக்கலாம். பக், புல்டாக், ஷிட்ஸு போன்ற சப்பை மூக்கு இனங்களுக்கு மூச்சுப்பாதையே குறுகல் என்பதால் ஆபத்து பல மடங்கு. வயதானவை, பருத்தவை, இதய நோய் உள்ளவை, மேல்முடி, உள்முடி என அடர்ந்த இரட்டை ரோமம் கொண்டவை எல்லாமே இந்த வரிசையில்தான் வரும். வெயிலுக்காக இரட்டை ரோம நாய்களை மொட்டையடிப்பதும் வேண்டாம். அந்த ரோமம் வெயில் நேரே தோலில் படாமல் காக்கிறது. சீவி, உதிர்ந்த உள்முடியை எடுத்துவிட்டால் போதும்.

ஆகவே நேரத்தைத் தேர்ந்தெடுங்கள். சூரியன் ஏறுவதற்கு முன் அதிகாலையும், மணல் ஆறிய பின் மாலையும்தான் நாய்க்கான கடற்கரை நேரம். உச்சிவெயிலில் உலர்ந்த மணல் 50 டிகிரி செல்சியஸைத் தாண்டிச் சுடும். புறங்கையை மணலில் 7 விநாடி வைத்துப் பாருங்கள்; வைக்க முடியாவிட்டால் நாயின் காலுக்கும் அது ஆகாது. பாதம் சுட்டுவிட்டால் மெத்தை சிவந்து, கொப்புளித்து, தோல் உரியும். நாய் ஒரு காலை மாற்றி ஒரு காலைத் தூக்குவது, நடக்காமல் உட்கார்ந்துவிடுவது இதற்கான அடையாளம். குளிர்ந்த நல்ல தண்ணீரில் பத்து நிமிடத்துக்குக் குறையாமல் பாதத்தை வைத்திருந்து, சுத்தமான பருத்தி உறையை மாட்டி, நக்கவிடாமல் பார்த்துக்கொண்டு மருத்துவரிடம் போக வேண்டும். எண்ணெயோ வெண்ணெயோ பற்பசையோ தடவக்கூடாது. நாய்க்கான காலணி சூடான மணலைக் கடந்து ஈர மணலுக்குப் போகிற வரைக்கும் உதவும். அதோடு ஓடவிட்டால் உள்ளே மணல் புகுந்து உரசிப் புண்ணாக்கிவிடும்.

வெப்பத் தாக்கின் முகம் எப்படி இருக்கும் என்பதை வீட்டில் எல்லோரும் தெரிந்துவைத்திருக்க வேண்டும். சாதாரண இரைப்பில் நாக்கு இளஞ்சிவப்பாக, வாய் ஓரளவு ஈரமாக இருக்கும். நிழலுக்கு வந்ததும் சில நிமிடத்தில் அடங்கும். ஆபத்தான இரைப்பு அடங்காது. நாக்கு அகன்று நுனி கரண்டிபோல் விரியும், ஈறு கருஞ்சிவப்பாகும், எச்சில் கெட்டியாகி நூல்நூலாகத் தொங்கும், பின்னங்கால் பின்னும். அந்த நிமிடமே குளிர்விக்கத் தொடங்க வேண்டும். முதலில் மருத்துவமனைக்கு ஓடுவோம், மற்றதை அங்கே பார்த்துக்கொள்வோம் என்று சூடான காரில் ஏற்றிக்கொண்டு போவதில்தான் நிறைய நாய்களை இழக்கிறோம். முதலில் குளிர்விப்பு, பிறகு பயணம் என்பதே இன்று மருத்துவர்கள் வலியுறுத்தும் வரிசை. நிழலில் கிடத்தி, கழுத்து, வயிறு, தொடையின் உட்பக்கம் எல்லாம் நனையும்படி தண்ணீரை ஊற்றிக்கொண்டே விசிற வேண்டும். கையில் இருப்பது கடல்நீர்தான் என்றால் அதையே ஊற்றலாம், வாய்க்குள் போகாமல் இருந்தால் சரி. ஈரத் துண்டைப் போர்த்திவிடுகிறார்கள். அது சற்று நேரத்தில் சூடேறி, உடம்பின் சூட்டை வெளியே விடாமல் கம்பளிபோல் அடைத்துக்கொள்ளும். துண்டை நாய்க்கு அடியில் விரிக்கலாம், மேலே வேண்டாம். நாயின் இயல்பான உடல்வெப்பம் 38.3 முதல் 39.2 டிகிரி வரை; 41ஐத் தொட்டால் உயிராபத்து. ஆசனவாயில் வைக்கும் வெப்பமானி இருந்தால் 39.5க்கு இறங்கியதும் ஊற்றுவதை நிறுத்துங்கள், அதற்கும் கீழே தானாக இறங்கும். நாய் எழுந்து வாலாட்டினாலும் மருத்துவரிடம் காட்டியே ஆக வேண்டும். சிறுநீரகக் கோளாறும் இரத்தம் உறையாமல் போவதும் ஓரிரு நாள் கழித்துத்தான் வெளியே தெரியும்.

காரைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். வெளியே வெறும் 24 டிகிரி இருக்கும்போது மூடிய காருக்குள் பத்தே நிமிடத்தில் 34ஐத் தொடும், அரை மணியில் 43க்குப் போய்விடும். கண்ணாடியை இரண்டு விரல் இறக்கி வைப்பதால் இதில் பெரிய மாற்றம் இல்லை. சாப்பிட்டுவிட்டு வந்துவிடுகிறோம் என்று காரில் நாயை விட்டுப்போவது, எத்தனை குறைந்த நேரமானாலும், கூடாது.

மணலில் ஒரு ஆபத்து ஒளிந்திருப்பது பலருக்குத் தெரியாது. மயிர்ப்பரப்புள்ள டென்னிஸ் பந்தை ஈர மணலில் உருட்டி எடுத்துக் கையால் துடைத்துப் பாருங்கள், உள்ளங்கை நிறைய மணல் வரும். ஒவ்வொரு முறை கவ்வும்போதும் அதில் ஒரு பங்கு நாயின் வயிற்றுக்குப் போகிறது. போன மணல் குடலில் அடியில் தங்கிச் சிமென்ட்போல் இறுகும். வாந்தி, வயிற்றைத் தொடவிடாமல் முதுகை வளைத்து நிற்பது, மலம் கழிக்க முக்கியும் வராமல் போவது என்று மறுநாள் தெரியும். எக்ஸ்ரேயில் குடல் வெள்ளைவெளேரென்று விழும். பெரும்பாலும் நரம்பில் திரவம் ஏற்றி இளக்கிவிடுவார்கள், சில நேரம் அறுவை சிகிச்சை வரை போகும். அதே மணல் பல்லின் எனாமலையும் உப்புத்தாள்போல் தேய்க்கிறது. மிதக்கிற, வழுவழுப்பான ரப்பர் பொம்மை எடுத்துப்போங்கள். உலர் மணலில் எறியாமல் அலை நனைத்து இறுகிய மணலில் எறியுங்கள். ஓரத்தில் கிடக்கிற குச்சியை எடுத்து எறிய வேண்டாம். அது மணலில் குத்தி நிற்கும்போது ஓடிவரும் நாயின் தொண்டைக்குள்ளேயே பாய்ந்துவிடும்.

கரையில் ஒதுங்கிக் கிடப்பவை இன்னும் மோசம். அலை விட்டுச்சென்ற கோட்டை ஒட்டித்தான் நாய் மோந்துகொண்டே போகும், நாற்றம் அங்கேதான் இருக்கிறது. உடம்பை ஊதிக்கொள்ளும் பேத்தை மீன் காய்ந்து கிடந்தாலும் அதன் நஞ்சு காய்வதில்லை. டெட்ரோடோடாக்சின் எனும் அந்த நஞ்சு மூச்சுவிடும் தசையையே செயலிழக்கச் செய்யும். முறிமருந்து கிடையாது, செயற்கைச் சுவாசம் கொடுத்துக் காத்திருப்பதுதான் வழி. நியூசிலாந்தின் ஆக்லாந்தை ஒட்டிய கடற்கரைகளில் 2009இல் நாய்கள் இறந்தபோது, கரையொதுங்கிய சாம்பல்நிறக் கடல் நத்தை ஒன்றில் இதே நஞ்சு இருப்பதைக் கண்டுபிடித்தார்கள். மீன் மட்டுமல்ல என்பதற்காக இதைச் சொல்கிறேன். இங்கிலாந்துக் கடற்கரைகளில் மெழுகுக் கட்டிபோல் ஒதுங்கும் பாமாயிலைத் தின்ற நாய்களுக்கு வாந்தியும் பேதியும் கணைய அழற்சியும் வந்தன. கப்பல்கள் தொட்டி கழுவிய கழிவைக் கடலில் கொட்டுவதே காரணம் என்பதால், வடமேற்கு ஐரோப்பா உள்ளிட்ட சில கடற்பகுதிகளில் 2021 ஜனவரி முதல் இத்தகைய சரக்கின் கழிவைத் துறைமுகத்திலேயே இறக்க வேண்டும் என்று சர்வதேச விதி வந்திருக்கிறது. உலர்ந்த கடற்பாசியையும் மெல்லவிடாதீர்கள், வயிற்றில் ஊறிப் பெருக்கும்.

எனவே பயணத்துக்கு இரண்டு வாரம் முன்பிருந்தே "விடு" என்ற ஒரு சொல்லைப் பழக்குங்கள். தரையில் ஒரு துண்டு தின்பண்டம், உங்கள் கையில் அதைவிட ருசியான ஒன்று. "விடு" என்றதும் தரையில் இருப்பதை விட்டுக் கையைப் பார்த்தால் கையில் உள்ளது கிடைக்கும், தரையில் உள்ளது ஒருபோதும் கிடைக்காது. முதலில் வீட்டில், பிறகு தெருவில், பிறகு நடந்துகொண்டே. ஒரு நாளைக்கு ஐந்து நிமிடம் வீதம் மூன்று தடவை போதும். எதைப் பார்த்தாலும் விழுங்குகிற நாய்க்குக் கூடைபோல் பின்னிய வாய்க்கூடு மாட்டுங்கள். அதில் வாயைத் திறந்து இரைக்கவும் தண்ணீர் குடிக்கவும் முடியும். வாயை இறுக்கிக் கட்டும் துணிப்பட்டை கடற்கரையில் கொலைக்குச் சமம், நாய் இரைப்பதையே அது தடுத்துவிடும்.

தூண்டில் முள்ளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். இரை மணக்கும் முள்ளை நாய் கவ்வுவது சாதாரணமாக நடக்கிறது. முள்ளின் நுனிக்குச் சற்றுக் கீழே எதிர்ப்பக்கம் பார்த்த சின்னக் கூர் ஒன்று இருக்கும். வந்த வழியே இழுத்தால் அது சதையைக் கிழித்துக்கொண்டுதான் வரும். உதட்டில் குத்தி நுனி மறுபக்கம் வெளியே வந்திருந்தால், ஒருவர் நாயின் தலையைப் பிடித்துக்கொள்ள, கம்பி வெட்டும் குறடால் அந்தக் கூரை நறுக்கிவிட்டு மீதியைப் பின்னால் உருவலாம். நுனி உள்ளேயே இருந்தால் தொடாதீர்கள். முள்ளை விழுங்கி, வாயிலிருந்து தூண்டில் நரம்பு, அதாவது நைலான் இழை தொங்கினால் இழுக்கவும் கூடாது, ஒட்ட நறுக்கவும் கூடாது. நரம்பின் மறுமுனையைக் கழுத்துப்பட்டையில் முடிந்துவிட்டு மருத்துவரிடம் போங்கள்; முள் எங்கே இருக்கிறது என்று தேடவும் எடுக்கவும் அந்த நரம்புதான் அவருக்குப் பிடிமானம். ஒரு குறடு பையில் இருக்கட்டும்.

ஜெல்லி மீன் செத்துக் காய்ந்தாலும் அதன் கொட்டும் அணுக்கள் வேலை செய்யும். கொட்டிய இடத்தை மணலால் தேய்த்தாலோ நல்ல தண்ணீர் ஊற்றினாலோ மீதி அணுக்களும் வெடித்து வலி கூடும். கடல்நீரால் அலசி, ஒட்டியிருக்கும் இழைகளை இடுக்கியாலோ குச்சியாலோ எடுங்கள், வெறுங்கையால் வேண்டாம். வாயிலோ மூக்கிலோ கொட்டியிருந்தால் வீக்கம் மூச்சை அடைக்கக்கூடும், காத்திருக்காமல் கிளம்புங்கள்.

நீச்சலுக்கு வருவோம். எல்லா நாய்க்கும் நீச்சல் தெரியும் என்பது தவறான நம்பிக்கை. நியூஃபவுண்ட்லேண்ட், லாப்ரடார் போன்ற இனங்களுக்கு விரலிடைத் தோலும் எண்ணெய்ப்பசை ரோமமும் துணை. தலை பெருத்து இடுப்பு சிறுத்த புல்டாக், கால் குட்டையான டாக்ஸ்ஹண்ட் எல்லாம் முன்பாரம் தாங்காமல் மூழ்கிவிடும். எதுவானாலும் தூக்கி நீரில் போடக்கூடாது. அன்றைக்கு வரும் பயம் ஆயுளுக்கும் போகாது. அலை அடங்கிய நாளில், சரிவு குறைந்த இடத்தில், நீங்கள் முன்னே நடந்து நாய் தானாகப் பின்னே வரட்டும். முதல் நாள் வயிறு நனைகிற ஆழம் போதும். மிதவைச் சட்டை வாங்கும்போது எடையைப் பார்த்து வாங்காமல் மார்பின் சுற்றளவை அளந்து வாங்குங்கள். பட்டைக்கும் உடம்புக்கும் நடுவே இரண்டு விரல் நுழைய வேண்டும். முதுகில் உறுதியான கைப்பிடி கட்டாயம், அலையிலிருந்து நாயைத் தூக்க அதுதான் உதவும். மாட்டி, கைப்பிடியைப் பிடித்து நாயைத் தூக்கிப் பாருங்கள். சட்டை மட்டும் மேலே வந்து நாய் கீழே நழுவினால் அளவு சரியில்லை. வீட்டிலேயே இரண்டு நாள் மாட்டிப் பழக்கிவிடுங்கள்.

உள்ளிழுக்கும் நீரோட்டத்தில் நாய் சிக்கினால் என்ன செய்வது? இரண்டு பக்கமும் அலை உடைய, நடுவே மட்டும் உடையாமல் நுரையோடு கடலுக்குள் போகிற பட்டை தெரிந்தால் அதுதான் அந்த நீரோட்டம். அங்கே பொம்மையை எறியவே கூடாது. சிக்கிவிட்டால் நாய் உங்கள் முகத்தைப் பார்த்து நேராக நீந்தும், நீரோட்டத்தை எதிர்த்து. அதில் சோர்ந்துதான் மூழ்குகிறது. நீங்கள் அதே இடத்தில் நின்று கத்தினால் அது அந்தக் கோட்டை விட்டு விலகாது. கரையோரமாகவே ஐம்பது அறுபது அடி பக்கவாட்டில் ஓடி, அலை உடைகிற பக்கத்திலிருந்து கூப்பிடுங்கள். உங்களை நோக்கித் திரும்பும் நாய் நீரோட்டத்தைக் குறுக்கே வெட்டி வெளியே வந்துவிடும், மீதியை அலை தள்ளிக்கொடுக்கும். பின்னாலேயே நீங்கள் குதிக்காதீர்கள். 1824 முதல் கடலில் உயிர் காத்துவரும் பிரிட்டனின் ஆர்.என்.எல்.ஐ. அமைப்பும் இதையேதான் சொல்கிறது: நாயைத் தேடி நீரில் இறங்காதீர்கள், அது ஏறிவரக்கூடிய இடத்துக்கு நகர்ந்து கூப்பிடுங்கள், உயிர்காப்பாளரை அழையுங்கள். நாய் கரையேறி, உரிமையாளர் ஏறாமல் போகிற கொடுமை நேரக்கூடாது.

கயிறு விஷயத்தில் ஒரு சொல். பொத்தானை அழுத்தினால் சுருளும் கயிறு கடற்கரைக்கு உதவாது. மணல் உள்ளே போய்ப் பூட்டு விழாமல் சதி செய்யும். ஐந்து முதல் பத்து மீட்டர் நீளமுள்ள நைலான் கயிற்றை மார்புப்பட்டையில் மாட்டுங்கள், கழுத்தில் வேண்டாம். ஓட்டத்தின் முடிவில் விழும் வெட்டு கழுத்துக்கு ஆகாது. தோல் பட்டை உப்பில் சுருங்கி விறைக்கும், வளையமும் துருப்பிடிக்கும். கழுத்துப்பட்டையில் பயணத்தின்போது எடுக்கக்கூடிய கைப்பேசி எண் பொறித்த தகடு தொங்கட்டும். தோலுக்கடியில் மைக்ரோசிப் போட்டிருக்கிறோமே என்று சிலர் இருந்துவிடுகிறார்கள். அது இருக்கும் இடத்தைக் காட்டாது. 15 இலக்க எண் ஒன்றைத்தான் வைத்திருக்கிறது, அதையும் வருடி (ஸ்கேனர்) வைத்திருப்பவர்தான் படிக்க முடியும். அந்த எண்ணோடு பதிவான தொலைபேசி பழையதாக இருந்தால் அதனாலும் பயனில்லை. கிளம்பும் முன் சரிபார்த்துவிடுங்கள்.

மருத்துவரிடம் போக வேண்டியது கிளம்புவதற்கு மூன்று வாரம் முன்னால். தடுப்பூசி போட்டு எதிர்ப்பாற்றல் வர இரண்டு வாரமாவது வேண்டும். வெறிநோய், பார்வோ, டிஸ்டெம்பர் ஆகிய வைரஸ் நோய்களுக்கான ஊசிகளோடு, எலியின் சிறுநீர் கலந்த தேங்கிய நீரில் பரவும் லெப்டோஸ்பைரோசிஸ் ஊசியும் தேவையா என்று கேளுங்கள். முகத்துவாரக் குட்டைகளில் நாய் இறங்கும் என்பதைச் சொல்லிக் கேளுங்கள். உண்ணி, தெள்ளுப்பூச்சி, கொசுவால் வரும் இதயப்புழு மூன்றுக்கும் மாதாந்திர மருந்து தவறியிருந்தால் அப்போதே தொடங்க வேண்டும். குடற்புழு மருந்து நாய்க்காக மட்டுமல்ல. நாயின் மலத்தில் போகும் கொக்கிப்புழு முட்டை வெதுவெதுப்பான ஈர மணலில் பொரிந்து, வெறுங்காலில் நடக்கும் பிள்ளைகளின் தோலுக்குள் ஏறிச் சிவந்த கோடாக நெளிந்து ஊர்ந்து அரிக்கும். ஆகவே மலத்தை மணலில் புதைப்பது சுத்தம் செய்ததாகாது, புழுவுக்குப் பதியம் போட்டது போலத்தான். பையில் அள்ளி, முடிந்து, குப்பைத்தொட்டி வரை கொண்டுபோகத்தான் வேண்டும். தடுப்பூசி முடியாத குட்டிகளுக்கு இந்தப் பயணமே வேண்டாம்.

பறவைகள் முட்டையிடும் பருவத்தில் நாய் கயிற்றிலேயே இருக்கட்டும். உப்புக்கொத்தி போன்ற பறவைகள் கூடு கட்டுவதில்லை, மணலில் ஒரு குழியில் மணல்நிறத்திலேயே முட்டையிடும். நாய் துரத்தித் தாய்ப்பறவை எழுந்துபோனால் முட்டை வெயிலில் வெந்துவிடும். ஆமை முட்டையைத் தோண்டி எடுக்கவும் நாயின் மூக்குக்கு நேரமாகாது. கடற்கரையில் நாய்க்கு எந்த மாதம், எந்த நேரம் அனுமதி என்று முன்கூட்டியே விசாரித்துவிடுங்கள். இடத்துக்கு இடம் மாறும்.

திரும்பி வந்ததும் அரை மணிக்குள் நல்ல தண்ணீரில் அலசுங்கள். உப்பு காய்ந்து பொடியானால் தோலின் ஈரத்தை உறிஞ்சும், அரிக்கும், நாய் நக்கும். நக்கிய இடம் ஒரே நாளில் ஈரப்புண்ணாகும். வயிறு, அக்குள், கழுத்துப்பட்டைக்கு அடி, விரலிடுக்கு ஆகிய இடங்களைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். தொங்கு காதுள்ள நாய்க்குக் காதைப் புரட்டி, பஞ்சால் தெரிகிற இடம் வரை ஒற்றி, மருத்துவர் கொடுத்த காது கழுவும் திரவம் இரண்டு சொட்டு விடுங்கள். காது குடையும் குச்சி அழுக்கை உள்ளே தள்ளிவிடும்.

அன்றிரவும் மறுநாளும் கவனித்துக்கொள்ள வேண்டியவை இரண்டு. தண்ணீர் மூச்சுக்குழாயில் போயிருந்தால், நன்றாக விளையாடிய நாய்கூட சில மணி நேரம் கழித்து இருமும், தூங்கும்போதும் வேகமாக மூச்சு வாங்கும். படுத்து உறங்கும் நாயின் மூச்சை ஒரு நிமிடம் எண்ணுங்கள். 30க்கு மேலே நின்றால் இரவென்று பாராமல் மருத்துவரைக் கூப்பிடுங்கள். மற்றது பயப்படத் தேவையில்லாதது. குளிர்ந்த நீரில் நெடுநேரம் நீந்திய நாயின் வால் காலையில் அடியில் இரண்டு மூன்று அங்குலம் மட்டும் நேராக நின்று, மீதி ஈரத்துணிபோல் தொங்கும், தொட்டால் கத்தும். வால் ஒடிந்துவிட்டதென்று பதறுகிறார்கள். வாலின் அடித்தசை பிடித்துக்கொண்டதுதான் அது. ஓய்வு கொடுத்தால் சில நாளில் பழையபடி ஆடும். வலி தாங்காமல் தவித்தால் நாய்க்கான வலிமருந்தை மருத்துவரிடம் கேட்டு வாங்குங்கள். நம் வீட்டு மருந்துப் பெட்டியில் இருக்கிற பாராசிட்டமாலும் ஐபுப்ரோஃபெனும் நாயின் ஈரலையும் வயிற்றையும் சிறுநீரகத்தையும் கெடுத்துவிடும், ஒரு மாத்திரை கூடக் கொடுக்காதீர்கள்.

அடுத்த சிறப்பிதழில் அந்தக் கடைசிப் பத்தியைத் திருத்தி வெளியிட இடமிருந்தால், குடிதண்ணீரின் அளவையும் வெப்பத் தாக்குக்கு முதலில் குளிர்விக்க வேண்டும் என்பதையும் மட்டுமாவது சேர்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
நாய் வளர்க்கும் வாசகர் ஒருவர்